தசையின் பிரேக்கை எடுத்தா போதுமா?

இன்னைக்கு மஸ்குலர் டிஸ்ட்ரஃபி பத்திப் பேசப் போறோம். தமிழில் தசைச் சிதைவு நோய். இது ஒரே நோய் இல்லை, மரபணுக் கோளாறால் வரும் பல நோய்களின் குடும்பப் பெயர். நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவன். ஆனா இந்த நோய்களுக்கு ஆன்டிபாடி மருந்து தேடின கதை, ஏதாவது ஒன்னை டீபக் பண்ணின எல்லாருக்கும் புரியும்.

1997-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சே-ஜின் லீயும் அலெக்ஸாண்ட்ரா மெக்ஃபெரானும் மயோஸ்டாட்டின் என்ற புரதத்தை அடையாளம் கண்டாங்க. 'போதும், இதுக்கு மேல வளராதே'ன்னு தசைக்குச் சொல்ற பிரேக் அது. அந்த மரபணுவை நீக்கின எலிகளுக்குத் தசை இரண்டு மடங்குக்கும் மேல பெருத்தது. பெல்ஜியன் ப்ளூ மாடு படம் பார்த்திருக்கீங்களா? ஜிம்முக்குப் போற மாடு மாதிரியே இருக்கும். அதுக்கும் இதே மரபணுதான் காரணம்.

ஆன்டிபாடி, நம்ம உடம்பு கிருமிகளைப் பிடிக்க உருவாக்கும் புரதம். குறிப்பிட்ட ஒரு இலக்கைத் தேடிப் பிடிச்சு ஒட்டிக்கும். மயோஸ்டாட்டினைப் பிடிக்கிற ஒன்னை லேபில் செஞ்சு உடம்புக்குள்ள செலுத்தினா பிரேக் விடுபடும், தசை வளரும். யோசனை அவ்வளவுதான்.

வையத் நிறுவனம் மையோ-029-ஐப் பெரியவர்களிடம் சோதிச்சது. 2008-ல் முடிவு வெளிவந்தது: பெரிய பாதுகாப்புப் பிரச்சினை இல்லை, ஆனா பலம் கூடலை. அடுத்து ஃபைசரின் டோமாக்ரோசுமாப். டுஷென் வகை நோய் உள்ள சிறுவர்கள் நாலு படி ஏற எவ்வளவு நேரம் எடுக்குறாங்கன்னு அளந்தாங்க. மருந்து எடுத்தவங்களுக்கும் டம்மி மருந்து எடுத்தவங்களுக்கும் சொல்லிக்கிற வித்தியாசம் இல்லை. 2018-ல் நிறுத்திட்டாங்க.

ஏன்? டுஷென் நோயில் டிஸ்ட்ரோஃபின்னு ஒரு புரதமே இல்லை. தசை செல்லின் சவ்வு கிழியாம காக்குறது அதுதான். பிரேக்கை எடுத்தாலும், புதுசா வளர்ற தசையும் அதே மாதிரி கிழியும். இன்னொன்னு, இந்த நோயாளிகளுக்கு மயோஸ்டாட்டின் ஏற்கெனவே குறைவா இருக்குன்னு 2017-ல் ஒரு ஆய்வு காட்டுச்சு. மிதிக்காத பிரேக்கை விடுவிச்சு என்ன பயன்?

இப்போ ஆன்டிபாடிக்கு வேற வேலை குடுத்திருக்காங்க: கூரியர் வேலை. தசை செல்லின் மேல இரும்புச்சத்தை உள்ளே எடுக்க ஒரு வாசல் இருக்கு, டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர். ஆன்டிபாடி அந்த வாசலைப் பிடிச்சு, முதுகில் கட்டியிருக்கும் ஆர்என்ஏ மருந்தை உள்ளே கொண்டு போகும். மயோடோனிக் டிஸ்ட்ரஃபியில், பிடிச்ச கையை விடுவிக்கவே நேரம் ஆகும். டிஎம்பிகே மரபணுவிலிருந்து வரும் நச்சு ஆர்என்ஏதான் காரணம். அதைக் குறைக்க அவிடிட்டி நிறுவனம் செஞ்சது டெல்-டெசிரான். மூலக் கோளாறையே குறி வைக்கிறாங்க, அதுதான் வித்தியாசம். பாதையும் சுலபமில்லை: ஒருத்தருக்குத் தீவிர பக்கவிளைவு வந்ததால், 2022-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ சோதனையைப் பகுதியளவு நிறுத்தி வைச்சது. 2024-ல்தான் முழுசா விலக்கினாங்க.

இனி 'தசை நோய்க்கு மருந்து ரெடி'ன்னு வாட்ஸ்அப்பில் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எலியிலா, மனுஷங்களிலா? எந்த வகை நோய்க்கு? கூடினது தசையின் அளவா, படி ஏறும் திறனா? அந்தக் குரூப்பில் இந்த நோயோட ஒரு பிள்ளையை வளர்க்கிற அம்மாவும் இருக்கலாம். அவங்களுக்கு அது வெறும் நியூஸ் இல்லை.

உங்க கேள்விகளை அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.