கிரனாடாவின் வீட்டுச் சண்டை

 

ஸ்பெயினின் தெற்கே கிரனாடா என்றொரு சிறிய முஸ்லிம் அரசு இருந்தது. நஸ்ரி வம்சத்தார் இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். மலைப்பனி உருகி வரும் நீரை வாய்க்கால் வழியே தோட்டங்களுக்குக் கொண்டு வந்தார்கள். மாதுளையும் அத்தியும் விளைந்தன. பட்டு நெசவு செழித்தது. மண்ணில் குறையில்லை. குறை அரண்மனைக்குள் இருந்தது.

1482-இல் மன்னர் அபுல் ஹஸனை எதிர்த்து மகன் முஹம்மது கிளம்பினார். மறு ஆண்டே கஸ்தீலியப் படையிடம் சிறைப்பட்டார். ஃபெர்டினாண்ட் மன்னர் அவரைக் கொல்லவில்லை. ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு விடுவித்தார். மகன் வெளியே இருந்தால் வீட்டுச் சண்டை அணையாது என்ற கணக்கு அது.

கணக்கு பலித்தது. 1487-இல் எதிரிகள் வேலஸ் மாலகா ஊரை முற்றுகையிட்டார்கள். அப்போது தலைநகரில் ஆண்டவர் அபுல் ஹஸனின் தம்பி அஸ்ஸகல். அந்த ஊரைக் காக்க அவர் படையோடு போனார். திரும்புவதற்குள் தலைநகர் அண்ணன் மகன் கைக்குப் போய்விட்டது. அதே ஆண்டு மாலகா துறைமுகமும் வீழ்ந்தது. 1492 ஜனவரி 2 அன்று அந்த மகனே கிரனாடாவை ஃபெர்டினாண்டிடம் ஒப்படைத்தார்.

நம் வீடுகளிலும் பாகப்பிரிவினை வருகிறது. அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிறது. அப்போது யாராவது ஒரு பக்கம் நின்று உதவ வந்தால், இந்தச் சண்டை நீடித்தால் அவருக்கு என்ன ஆதாயம் என்று ஒரு முறை யோசியுங்கள். அதற்கு முன் உடன்பிறந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.