பதிவேட்டின் இரண்டாம் படி

பின்வரிசையில் உட்கார்ந்து மகனோ மகளோ மேடையேறும் நேரத்துக்காகக் காத்திருக்கும் பெற்றோர்களே, பட்டம் வாங்க வந்திருக்கும் பிள்ளைகளே! என்னை அறிமுகம் செய்தவர் சொன்னதில் பாதியைக் கழித்துவிடுங்கள். பழைய காகிதங்களுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கையில் பசை வாசனை இன்னும் போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நானும் திருச்சியில் படித்தவன்தான். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் தாத்தா வீடு. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும்போது மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே வருவேன். முதல் வகுப்புக்குத் தாமதமாகத்தான் போவேன். படிப்பில் சுமார். வெயிலுக்குப் பயந்துதான் நூலகத்துக்குள் போனேன், அங்கே மின்விசிறி ஓடும். அப்படிப் போனவன் அப்புறம் வெளியே வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில், 1981 மே 31 இரவில் தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் காவல்துறையினரும் உடன் வந்த கும்பலும் எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. தாவீது அடிகள் என்ற பன்மொழி அறிஞர், தீ எரிவதைப் பார்த்த அதிர்ச்சியிலேயே மாரடைப்பால் இறந்தார். அந்த நூலகத்தின் தொடக்கத்தையும் சொல்ல வேண்டும். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார், அதிலிருந்து வளர்ந்ததுதான். 1959இல் திறந்த அந்தப் பெரிய கட்டடத்தை வரைந்தவர் சென்னைக்காரரான நரசிம்மன். நூலகத்தை அமைக்க ஆலோசனை சொன்னவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அதனால், ஏதோ கடலுக்கு அப்பால் எரிந்தது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. திருச்சிக்காரர்களுக்கு அது எப்படி முடியும்? கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கலாம்.

இன்னொரு தொடர்பு, உங்களுக்கென்றே வைத்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் இரண்டு பேர். இருவருமே யாழ்ப்பாணத்தார். அவர்களில் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. பிற்பாடு பக்கத்திலே புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்? சம்பாதித்த காசைப் போட்டு ஏடு தேடினார். தொட்டால் ஒடியும் ஓலைகளிலிருந்து வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றினார். ஓலையின் ஆயுள் சில நூறு ஆண்டுகள். அதற்குள் யாராவது படி எடுத்தால் உண்டு. எடுக்காத ஏடுகள் என்னவாயின என்பதை உ. வே. சா. தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சில ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பழைய ஏடுகளை ஆகமப்படி ஹோமத்தில் இட்டுவிட்டதாக அவரிடமே சொல்லியிருக்கிறார்கள். நெருப்பு வைக்க எதிரி வேண்டும் என்பதில்லை, பாருங்கள்.

இப்போது என் சொந்தக் கதை. உங்கள் கல்லூரி முதல்வர் பத்து நிமிடம் என்றார், இதற்கே பத்து நிமிடம் ஆகும்.

யாழ்ப்பாணம் எரிந்து ஓரிரு ஆண்டு கழித்து, காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய படிப்பகம். மின்கசிவில் ஓர் அலமாரி வரிசை எரிந்தது. மிச்சத்தைத் தீயணைப்பு வண்டியின் தண்ணீர் நனைத்தது. என்னை அனுப்பினார்கள். எனக்கு இருபத்து நாலு வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஈரப் புத்தகங்களை மொட்டை மாடியில் பரப்பி வெயிலில் போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அட்டைகள் அப்பளம் போல நெளிந்திருக்கின்றன. கும்பாபிஷேக மலர்களின் வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. அந்த ஊரில் பைண்டிங் போடும் பெரியவர் ஒருவர் ஏறி வந்தார். பார்த்துவிட்டு, “தம்பி, புஸ்தகம் என்ன வடாமா?” என்றார்.

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான மதிப்பீடு அதுதான். அவர்தான் கற்றுக்கொடுத்தார்: நிழலில், விசிறிக் காற்றில், புத்தகத்தை விசிறி போல விரித்து நிறுத்தி வை, இடையிடையே பழைய செய்தித்தாள் வை, அது நனைந்ததும் மாற்று. இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வெளிநாடுகளில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1986இல் லாஸ் ஏஞ்சலஸ் மைய நூலகத்தில் தீயில் அழிந்தவை நான்கு லட்சம். தண்ணீரிலும் புகையிலும் கெட்டவை ஏழு லட்சம். நனைந்தவற்றை உணவுப்பொருள் வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் உறையவைத்தார்கள். 2004இல் ஜெர்மனியின் வைமர் நகரில் 50,000 நூல்கள் அழிந்தன, 62,000 கெட்டன. அங்கேயும் ஈர நூல்களை உறையவைத்து, பிறகு பனியையே ஆவியாக்கி உலர்த்தினார்கள். மீனுக்குச் செய்வதைப் புத்தகத்துக்கும் செய்தால் பிழைக்கும். அந்தச் சிற்றூரில் ஐஸ் பெட்டிகூடக் கிடையாது.

அதைவிடப் பெரிய அடி மறுநாள் விழுந்தது. எரிந்தவை என்னென்ன என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சேர்க்கைப் பதிவேடு நூலகரின் மேசை இழுப்பறையில் இருந்திருக்கிறது, மேசையோடு போய்விட்டது. கம்பனையும் பாரதியையும் திரும்ப வாங்கிவிடலாம். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, நாடகக் குழுவின் நோட்டீஸ், நூறு படி மட்டும் அச்சிட்ட தலபுராணம் — இவை இருந்தன என்பதே தெரியாதபோது எதைத் தேடுவது?

பைண்டிங்காரர்தான் வழி சொன்னார். இரவல் வாங்கிப் போனவர்கள் வீட்டில் இருப்பதாவது மிஞ்சியிருக்குமே! ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் அறிவித்தோம்: திருப்பித் தராத புத்தகங்களைக் கொண்டுவாருங்கள், அபராதம் கிடையாது, யார் பெயரையும் எழுத மாட்டோம். வந்தன ஐயா, மூன்று சாக்கு! ஊரின் சோம்பேறிகளும் திருடர்களும் சேர்ந்து காப்பாற்றிய நூலகம் அது. கடைசியாக ஒரு பாட்டி மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே, 1924 பெருவெள்ளத்தைப் பற்றிய சிந்து. எட்டே பக்கம், சாணித்தாள். அவர் கணவர் எப்போதோ வாங்கிப் போனதாம். அந்த வெள்ளத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எந்தப் படகு யாரை ஏற்றியது என்று அதில் இருந்தது. அப்படி ஒன்று படிப்பகத்தில் இருந்ததே நூலகருக்கு நினைவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பைத்தியம். போகிற நூலகத்தில் எல்லாம் ஒரே கேள்வி: பதிவேட்டுக்கு இன்னொரு படி உண்டா? அது வேறு கட்டடத்தில் இருக்கிறதா? என் மனைவி இந்தக் கேள்விக்காகவே என்னோடு ஊர்சுற்ற வருவதில்லை.

படி எடுத்து வைக்கும் இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. கொள்ளிடக் கரையோடு கிழக்கே போனால் திருமழபாடி. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அந்தக் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். இடிக்கும் முன், சுவரில் உள்ள கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். மகன் இராசேந்திரன் காலத்தில் அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். உலகம் வியக்கும் தஞ்சைப் பெரிய கோயிலைவிட இந்த ஒரு வரி ஆணைக்காகத்தான் அவனை நான் கும்பிடுவேன். ஸ்ரீரங்கத்தின் மதில்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. அவற்றின் பாடம் அச்சிலும் வந்துவிட்டது. இனிச் சுண்ணாம்பு பூசினாலும் ஆணி அடித்தாலும் எழுத்து மிஞ்சும். நம் திருச்சியிலேயே கண் மருத்துவர் கலைக்கோவன், நோயாளிகளைப் பார்த்த நேரம் போகக் கோயில் கோயிலாக ஏறிக் கல்வெட்டுப் படித்தார். அவர் வரலாற்றுத் துறையில் பட்டம் வாங்கிவிட்டுத் தொடங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றுள் யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலின் ஏட்டுப் பிரதியும் ஒன்று என்பார்கள். ஆனால் நூல் அழியவில்லை; 1879இலேயே பிரிட்டோ அதை ஆங்கிலத்தில் வெளியிட்டுவிட்டார், தமிழிலும் அச்சாகியிருந்தது. மற்றவற்றைத் தேடி 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே இளைஞர்கள் ஓர் இணையத் திட்டம் தொடங்கினார்கள். புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல; இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் அச்சிடும் நினைவு மலர்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். அந்த மலரை யாழ்ப்பாணத்தில் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? கல்வெட்டு.

உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். தாத்தாவின் கடைக் கணக்கு, காந்தி மார்க்கெட் மண்டிச் சீட்டு, பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்தவரின் சர்வீஸ் புத்தகம், நிறம் மங்கிய கல்யாணப் பத்திரிகை. போகிப் பண்டிகைக்கு முன்னால் ஏறிப் பாருங்கள். வெயிலில் போட வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். கைபேசியில் படம் எடுத்து, என்ன, யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை வேறொரு வீட்டில் வையுங்கள்.

காலையில் வந்தவுடன் உங்கள் முதல்வரிடம் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பதிவேட்டின் இன்னொரு படி இருக்கிறது என்றார். எங்கே என்றேன். அதே அறையில், அடுத்த பீரோவில் என்றார். ஒரு வாரத்தில் மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இத்தனை பேர் சாட்சி. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருவேன் சார், அப்படியே ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து இங்கேயும் வந்து பார்ப்பேன்.