கன்றின் வயதை நாட்களில் எண்ணுவோம்



இளங்கன்றுகளின் குடல் ஒட்டுண்ணிகளைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கச் சொன்ன அமைப்பாளர்களுக்கு என் நன்றி. பேச வேண்டியவை பல இருந்தாலும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். குடற்புழு நீக்கம் என்றதும் எந்த மருந்து என்று கேட்கிறோம். எந்த நாளில் என்று கேட்பவர் குறைவு. கன்றின் உயிர் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

டாக்சோகாரா விட்டுலோரம் என்னும் உருண்டைப் புழுவை 1782-லேயே விவரித்துப் பெயரிட்டுவிட்டார்கள். பசுங்கன்றையும் தாக்கும், எருமைக் கன்றை இன்னும் கடுமையாகத் தாக்கும். இதன் முட்டையை வளர்ந்த மாடு விழுங்கினால், வெளிவரும் இளம்புழு ஈரல், தசை போன்ற இடங்களில் புகுந்து அடங்கிக் கிடக்கிறது. ஈனும் காலம் நெருங்கியதும் விழித்து மடிக்கு நகர்கிறது. பாலோடு கன்றின் வயிற்றுக்குள் போகிறது. தொழுவத்தை எவ்வளவு கூட்டிக் கழுவினாலும் இந்தத் தாய்வழித் தொற்றைத் தடுக்க முடியாது. இதற்கு அஞ்சிச் சீம்பாலைக் குறைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. கருப்பையில் கன்றுக்கு நோய் எதிர்ப்புப் புரதம் சேர்வதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால்தான் அதைத் தருகிறது.

அப்படியானால் வழி என்ன? 1980-களில் இலங்கை எருமைகளில் நடந்த ஆய்வுகள் அருமையான விடை தந்தன. பால் வழியே இளம்புழு வருவது ஈன்ற முதல் பத்து நாட்களோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. குடலில் அது முதிர்ந்து முட்டையிடவோ சுமார் மூன்று வாரம் ஆகிறது. வரவேண்டிய புழு வந்து முடிந்து, ஒன்றுகூட முட்டையிடாத ஒரு சிறு இடைவெளி நமக்குக் கிடைக்கிறது. 10 முதல் 16 நாள் வயதுக்குள், இளம்புழுவையும் கொல்லும் பைரண்டல் போன்ற மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்தால் போதும். நம் ஊரில் முதல் குடற்புழு மருந்தைப் பத்தாம் நாளில் கொடுக்கச் சொல்வதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. ஐந்தாம் நாளில் கொடுத்தால் பின்னால் வரும் புழு தப்பிக்கும். ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தால் கன்று பிழைக்கக்கூடும். ஆனால் அதற்குள் முட்டைகள் தரையில் விழுந்திருக்கும். தடித்த ஓடுள்ள அம்முட்டைகள் ஈரமான நிழல் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அந்த மண்ணை நக்கும் கிடேரி பிற்பாடு தாயாகும்போது, அதன் கன்றுக்கும் அதே புழு பாலில் போகும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காளைக் கன்றுக்கும் எருமைக் கடாக்கன்றுக்கும் மருந்து வாங்கிச் செலவழிப்பானேன் என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பாலும் குறைவு, மருந்தும் இல்லை. வயிறு பானைபோல் உப்பி, களிமண் நிறத்தில் கழிந்து, நலிந்து சாகிறது. அந்த உயிரின் வேதனையே நம்மை உலுக்க வேண்டும். வரவு செலவு மட்டும் பார்ப்பவருக்கும் சொல்கிறேன்: ஒரே கொட்டகையில் கிடேரிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் கடாவை விட்டால், தரையெங்கும் முட்டையைப் பரப்புவது அந்தக் கடாதான். ஈன்ற கன்று அத்தனைக்கும் மருந்து கொடுப்பதே சரி.

அடுத்தது ரத்தக் கழிச்சல். அதை உண்டாக்கும் ஐமீரியா சூர்னி, ஐமீரியா போவிஸ் ஆகியவை புழுக்கள் அல்ல, ஒற்றைச்செல் உயிரிகள். கன்று முக்கி முக்கி ரத்தமும் சளியுமாகக் கழியும்போது அல்பெண்டசோல் என்னும் புழு மருந்தை ஊற்றுவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆம்புரோலியத்தை உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இங்கும் நாள் கணக்கு உண்டு. தொற்றிய இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் சாணத்தில் முட்டைக்கூடு தெரியும். கழிச்சல் அதற்கு முன்பே தொடங்கிவிடலாம். முதல் நாள் சாண மாதிரியில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடக்கூடாது. இரண்டு வார வயதுக் கன்றின் சாணத்தில் உருண்டைப்புழு முட்டை இல்லை என்பதாலும் புழு இல்லை என்று ஆகிவிடாது.

கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி ஐமீரியாவையும் முந்திக்கொள்ளும். முதல் மாதத்திலேயே நீராகக் கழிய வைக்கும். சாதாரணக் குளோரின் அளவுக்கு அது அசையாது, மனிதருக்கும் தொற்றும். கன்றைக் கையாளும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு இது தொற்றியதாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. நம் வீடுகளில் கன்றைத் துடைத்துக் கட்டுவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லாமல் கழிச்சலுக்கு மருந்துச் சீட்டு எழுதுவது பாதி வேலை.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு மாதம் வரையுள்ள கன்றுகளை ஒரே கட்டத்தில் அடைத்து, இத்தனை விழுக்காட்டில் புழு என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். மாதிரி எடுத்த அன்று கன்றின் வயது எத்தனை நாள், பசுவா எருமையா, கிடேரியா கடாவா, அதற்கு முன் எந்த நாளில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பவற்றையும் சொல்லுங்கள். ஊர் மருந்தகத்தில் இருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கு அவைதான் நாளைக் காலை பயன்படும். உழவர்களும் இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேள்வி கேட்க ஒவ்வொரு அமர்விலும் நேரம் ஒதுக்குமாறு அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.