பிறந்தகமும் புக்ககமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அயல்நாடுகளில் வாழும் தமிழ் மக்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தனர். யான் கடல் கடந்தறியேன். சொற்களைக் கற்பித்து வாழ்பவன். ஆதலின், அம்மக்களைக் குறித்து நாம் வழங்கும் உறவுச் சொற்களையே பொருளாக எடுத்துக்கொள்கின்றேன்.

பிறந்த நாட்டைத் தாயகம் என்கின்றோம். குடியேறிய நாட்டைப் புகுந்த வீடு என்கின்றோம். அந்நாட்டரசு ஓரவஞ்சனை செய்யின், மாற்றாந்தாய் மனப்பான்மை என்று நோகின்றோம். கடலுக்கப்பால் உள்ளாரைத் தொப்புள்கொடி உறவினர் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். யாவும் இனிய சொற்களே. ஆயினும், உறவுப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு கடமையின் பெயருமாகும். கடமை நீங்கின் அது வெற்றொலியாம்; சிலபோது இழிவுமாம். ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில் அலுவலக ஏவலாளர்க்குத் 'தம்பி' என்பதே பெயராயிற்று. நம் வீட்டில் இளையோனை அணைக்கும் சொல், ஆங்கு ஏவும் சொல்லாயிற்று.

நிற்க. மணம் புரிந்து சென்ற மகளுக்குப் புக்ககத்தில் உரிமையுண்டு, பிறந்தகத்தில் சீருண்டு. இலங்கை மலையகத் தமிழர்க்கு நேர்ந்தது யாது? 19-ஆம் நூற்றாண்டு முதல் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஈண்டிருந்து சென்ற தொழிலாளரின் வழியினர் அவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964-இல் சாஸ்திரி, சிரிமாவோ என்னும் இரு பிரதமரும் உடன்படிக்கை செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இரு வீட்டாரும் கூடிப் பேசினர், மகளைக் கேட்டாரல்லர்.

யான் சிறுவனாய்ப் பயின்ற வகுப்பில், அங்ஙனம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை ஒருவன் இருந்தான். அவன் முன்னோர் ஊர் எம்மூருக்கு இரண்டு கல் தொலைவே. ஆயினும் அவனைச் 'சிலோன்காரன்' என்றே அழைத்தோம், யானும் அழைத்தேன். ஒருநாள் அவன், "அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள்" என்று மட்டும் சொன்னான். அவன் இயற்பெயர் இன்று எனக்கு நினைவில்லை. அதுவே என் நெஞ்சை உறுத்துகின்றது.

அன்பர்களே! இப்பேச்சுக்காக நம் சங்கத்துக் கடிதக் கோப்பைப் புரட்டினேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம்மவர்க்கு எழுதியவற்றுட் பெரும்பாலன, திருப்பணிக்கும் கட்டட நிதிக்கும் பொருள் வேண்டியனவே. மகளிடம் சீர் கேட்கும் பிறந்தகமும் உண்டோ?

பாட்டனார் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டுமே கையிற் கொண்டு ஒருவர் நம் வாயிலில் வந்து நிற்பாராயின், நன்கொடைச் சீட்டை நீட்டாது, முதலில் இலை போடுவோம்; பின்னர்ச் சங்கப் பதிவேட்டைத் திறந்து அவர் வேரைத் தேடித் தருவோம். அவர் தாம் வாழும் நாட்டையே தம் நாடென்று பேசினாலும் வருந்தற்க. புக்ககத்தில் விளக்கேற்றுதல் மகளுக்கு அறம்; அவள் வரும்போது கதவைத் திறந்து வைத்திருத்தல் நமக்கு அறம்.