தங்கச்சியின் மூச்சு



பொத்துவிலிலிருந்து அறுகம்பேக்குப் போகிறவர்கள் களப்பின் மேலுள்ள பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். 2004 சுனாமிக்குப் பின்னர் புதிதாகக் கட்டப்பட்ட பாலம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன்மேல் போவார்கள். அறுகம்பே என்பது அவர்களுடைய பெயர். நாங்கள் உல்லை என்போம்.

என் தங்கச்சி அந்தப் பாலத்தின் நடுவில் எப்போதும் நின்றுவிடுவாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு களப்பைப் பார்த்தபடி நிற்பாள். முன்னே போய்விட்ட நான் திரும்பி, "என்ன புள்ள, மீன் எண்ணுறியா? கெதியா வா" என்று சத்தம் போடுவேன். அவள் சிரிப்பாள், பதில் சொல்லமாட்டாள். பதில் சொல்ல அவளிடம் மூச்சு இருக்கவில்லை என்பது எனக்குத் தெரிய ஐந்து வருடங்கள் பிடித்தன.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். "புள்ளப் பெத்த உடம்பு" என்றா உம்மா. அடுத்த வீட்டார் முட்டு என்றார்கள்; அதற்கு மருந்தும் இழுத்தாள். நான் ஓர் ஆசிரியன். வகுப்பில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவன். சோம்பல் என்று தீர்ப்புச் சொன்னேன். ஒரு நாள் கிணற்றடியில் வாளியோடு மயங்கி விழுந்தாள். அதன் பிறகுதான் ஈசிஜி, நெஞ்சு ஸ்கேன் எல்லாம்.

"நுரையீரலுக்குப் போகிற குழாய்களில் பிரஷர்" என்றார் டொக்டர். "பிரஷர் நோர்மல் எண்டு போன கிழமையும் சொன்னாங்களே டொக்டர்" என்றேன். கையில் பட்டி கட்டிப் பார்ப்பது வேறு, இது வேறு என்றார் அவர். இதயத்தின் வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்குள்ள சிறு குழாய்கள் தடித்து ஒடுங்கிவிட்டால் இதயம் முட்டி முட்டித் தள்ளும், வீங்கும், கடைசியில் களைத்துப்போகும். எங்கள் பக்கத்தில் முகத்துவாரம் மண்மூடினால் களப்பு நிரம்பித் தண்ணீர் மேலே ஏறுகிறதல்லவா, அப்படித்தான் அவளுடைய காலில் நீர் ஏறியிருந்தது.

கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இதய நோய் கிளினிக்குக்கு எழுதித் தந்தார். இரவு பஸ். மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி என்று ஊர்கள் கழிந்தன. படுத்தால் மூச்சு அடைக்கும் என்று அவள் விடியும்வரை நிமிர்ந்தே இருந்து வந்தாள்.

அந்த கிளினிக்கில் நான் கண்ட முதல் அதிசயம், நோயாளர் எவரும் நோயாளரைப்போல் இல்லாததுதான். பெரும்பாலும் இளம் பெண்கள். "உங்களையும் சோம்பேறி எண்டாங்களா?" என்று தங்கச்சியிடம் கேட்டாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி. நான் சுவரில் இருந்த அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் நடைப் பரிசோதனை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று அளப்பார்கள். நீண்ட விறாந்தை, இரண்டு முனையிலும் ஓர் அடையாளம், விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவி, கையில் கடிகாரத்தோடு தாதி. இரண்டு தடவை நின்று, 270 மீற்றர் நடந்தாள். நிற்கும்போது சுவரில் கைவைத்து அதே சிரிப்புச் சிரித்தாள். தாதி சத்தம் போடவில்லை. நின்றதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

பிறகு, நரம்பு வழியே மெல்லிய குழாயொன்றை இதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை நேரே அளந்தார்கள். இந்த வழியைத் தன்னிலேயே செய்து பார்த்தவர் வேர்னர் போர்ஸ்மன் என்ற ஜேர்மானிய இளம் வைத்தியர். 1929இல் தன் கை நரம்பில் குழாயை ஏற்றிக்கொண்டு, எக்ஸ்றே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தார். அப்போது வேலை போனதுதான் மிச்சம்; நோபல் பரிசு 1956இல் வந்தது. இதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். "அவருக்கு உம்மா இல்லையா காக்கா?" என்று கேட்டாள்.

சராசரி அழுத்தம் 20ஐத் தாண்டினால் இந்த நோய் என்பது இன்றைய கணக்கு. அவளுக்கு 52. ஓட்டை, வால்வு, இரத்தக் கட்டி எல்லாம் தேடிப் பார்த்தும் காரணம் அகப்படவில்லை. சிலருக்கு அப்படித்தான் வருமாம்.

குளிசையின் பெயரைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. சில்டெனாபில். நெஞ்சுவலிக்கென்று ஆராய்ந்த மருந்து. 1998இல் ஆண்களின் அந்தரங்கக் குறைக்கென்று சந்தைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. நுரையீரல் குழாய்களையும் தளர்த்தும் என்பதால் 2005இல் இந்த நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. துண்டை நீட்டியபோது ஒரு பாமசிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று எழுதியிருந்ததைக் கண்டு உள்ளே இருந்தவரையும் கூப்பிட்டார். "தங்கச்சிக்கு" என்றேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் கிளினிக் கொப்பியைத் திறந்து காட்டி, இதயப் படம் வரைந்து, அரை மணித்தியாலம் பாடம் நடத்திவிட்டு வந்தேன். இப்போது அவரே குளிசை முடிய முன்னர் ஆள் அனுப்புகிறார்.

மற்ற விஷயத்துக்குச் சிரிக்க இடமில்லை. இனிமேல் கருத்தரிக்கக் கூடாது, தாயின் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொன்னார். அவளுக்கு ஒரு மகள் மட்டும். குடிக்கு வந்த மருமகனிடம் இதை யார் சொல்வது? உம்மா என்னைப் பார்த்தா. பஸ்ஸில் பழகிவைத்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. கொப்பியை மச்சானிடம் கொடுத்தேன். அவர் மீன்பிடிக்காரர், ஆங்கிலம் தெரியாது. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "நடக்கிறது எழுதின பக்கம் எது?" என்று கேட்டார். காட்டினேன். "ரெண்டு தரம் நிண்டிரிக்காள்" என்றார். பிறகு, "எனக்கு ஆள்தான் வேணும் மச்சான்" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போனார்.

உம்மா இன்னும் சமாதானமாகவில்லை. பேரன் ஒருவன் வேண்டுமென்ற ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆறு மாதம் கழித்து அதே விறாந்தையில் 345 மீற்றர் நடந்தாள், ஒரு தடவை மட்டும் நின்று. நோய் மாறிவிடவில்லை, மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை. பாலத்தின் நடுவில் இப்போதும் நிற்கிறாள். நானும் நிற்கிறேன். எனக்கும் களப்பு பழகிவிட்டது.

வருகிற மாதம் மீண்டும் கிளினிக். இரவு பஸ்ஸில் முன்பக்கமாக இரண்டு ஆசனங்கள் சொல்லி வைத்திருக்கிறேன். இம்முறை மச்சானும் வருவதாகச் சொல்கிறார். கடல் விட்டால் மூன்றாவது ஆசனமும் எடுக்க வேண்டும்.