விளக்கைத் தரைக்குத் திருப்புங்கள்



கொடைக்கானலில் மேகம் இறங்கிய ராத்திரி. வாசலில் பெரிய ஃபோகஸ் லைட்டைப் போடுகிறோம். கண் முன்னால் ஒரே வெள்ளை. படிக்கட்டு தெரிவதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் மட்டும் பளபளக்கிறது. உள்ளே தூங்குகிற குழந்தை முழித்துக்கொள்கிறது.

உடனே என்ன செய்கிறோம்? இன்னும் பெரிய லைட் வாங்குகிறோம்!

வத்தலக்குண்டு மலைப்பாதை டிரைவரைக் கேளுங்கள். பனிமூட்டத்தில் ஹைபீமைத் தணித்துவிடுவார். ஒளி மேலே போனால் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். விளக்கு தரையைப் பார்த்தால் பாதை தெரியும்.

மேலே போகும் ஒளி வானத்தையும் கெடுக்கும். இதே கொடைக்கானல் மலையில் 1899-ல் தொடங்கிய வானாய்வு நிலையம் இருக்கிறது. அது சூரியனை ஆராய்வது. ராத்திரி விளக்கு அதற்குத் தொல்லை இல்லை. ஆனால் அதன் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, நட்சத்திரம் பார்க்க நல்ல இருட்டைத் தேடி ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். லடாக்கில் ஹான்லே என்ற ஊரிலும் அந்த இருட்டைக் காக்கிறார்கள். 2022-ல் அதை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே வீட்டு ஜன்னலுக்குக் கனத்த திரை, விளக்குக்கு மூடி.

நமக்கு அவ்வளவு வேண்டாம். வாசல் விளக்கைத் தரைக்குத் திருப்புங்கள். மேலே ஒரு தகர மூடி போடுங்கள். மஞ்சள் பல்பு போதும். காட்டேஜ் நடத்துகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: விருந்தினர் படுத்ததும் தோட்ட விளக்குகளை அணைத்துவிடுங்கள்.