பல்லாவரத்துக் கல்லும் நம் குருதியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பழங்கால மனிதர் விட்டுச் சென்ற மரபணுக்கள் இன்றைய நம் உடல்நலத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டு எவரும் மருள வேண்டா. செய்தி தொடங்குவது நம் வீட்டு வாயிலிலேதான். இத்திருநீர்மலையிலிருந்து இரண்டு மூன்று கல் தொலைவிலுள்ள பல்லாவரத்தில், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் ஒரு சரளைக் குழியிலிருந்து மனிதக் கை செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அறிவுலகம் ஏற்ற முதற்சான்று அதுவே. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கற்கள் கிடைத்தன. அங்கே சாந்தி பப்பு அவர்களின் குழுவினர் பின்னாளில் அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அக்கற்களுள் மிகப் பழையவற்றின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள். நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியே மூன்று இலட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. எனவே அத்திரம்பாக்கத்தின் முதற்கற்களைச் செதுக்கியோர் நாமல்லர். நமக்கு முந்தைய வேறொரு மனிதர்.

அவர்களுடைய எலும்பு அங்கே கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் குருதி நம்மிடம் உண்டா என்று சொல்வதற்கில்லை. ஆனால் வேறோர் உறவு ஐயமின்றி நிலைநாட்டப்பட்டுள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்னர் நியாண்டர்தால் என்னும் மனிதரோடு கலந்தனர். அந்த நியாண்டர்தாலின் எலும்பிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்து, 2010இல் உலகுக்கு அறிவித்தவர் ஸ்வாந்தே பேபோ. 2022இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று இங்கு அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவரின் மரபணுத் தொகுதியிலும் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அவர்கள் தந்தது.

இதனால் நோய்க்கு என்ன? கேளுங்கள். 2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, ஒரே வயதினராகிய இருவரில் ஒருவர் எழுந்து நடமாட, மற்றவர் மூச்சுத் திணறி மாய்ந்ததைக் கண்டோம். ஹ்யூகோ ஸீபெர்க்கும் பேபோவும் அதே ஆண்டு ஒன்றைக் கண்டறிந்தனர். மூன்றாம் குரோமோசோமில் ஏறத்தாழ 50,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, நோயைக் கடுமையாக்கும் வாய்ப்பை மிகுவிக்கிறது. அத்துண்டு குரோவேசியா நாட்டு விந்திஜாக் குகையில் கிடைத்த நியாண்டர்தாலிடமும் உள்ளது! தெற்காசியரில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைச் சுமக்கின்றனர். ஐரோப்பியரில் நூற்றுக்குப் பதினாறு பேர். கிழக்காசியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் அது இல்லை என்றே சொல்லலாம்.

இதைக் கேட்டவுடன் "எல்லாம் பிறவியிலேயே எழுதப்பட்டுவிட்டது" என்று ஓர் இளைஞர் முடிவுகட்டக் கூடும். தலையெழுத்து என்ற சொல்லால் நம்மை எத்தனை தலைமுறை அடக்கி வைத்தார்கள்! அதே சொல் இப்போது ஆங்கிலச் சட்டை அணிந்து வந்தால் அதையும் ஐயுற வேண்டும். ஐதராபாத், காசி ஆய்வாளர்கள் 2021இல் இந்தியத் தரவுகளை ஆராய்ந்தபோது, ஐரோப்பியரிடம் கேடு விளைத்த அந்த மாற்றம் தெற்காசியரிடம் அவ்வளவு பங்கு வகிக்கவில்லை என்ற முடிவுக்கே வந்தனர். பத்துக்குப் பத்து அறையில் அறுவர் உறங்கும் வீட்டில், தொற்று யாரைத் தீண்டும் என்பதை மரபணுவா முடிவு செய்கிறது? பல்லாவரம், திரிசூலம் கல்குவாரிகளில் கல்லுடைத்தவன் நெஞ்சுக்குள் புகுந்த தூசு எந்தக் குகை மனிதன் கொடுத்தது? அத்தூசு படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பது மருத்துவ உண்மை.

நிற்க. பழையவர் தந்ததெல்லாம் கேடுமன்று. பன்னிரண்டாம் குரோமோசோமில் அவர்களே தந்த வேறொரு துண்டு, உடலில் புகுந்த வைரசின் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்க உதவுகிறது. கொரோனா கடுமையாகும் வாய்ப்பை ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைக்கிறது. திபெத்தியர் காற்று மெலிந்த உயரத்தில் நலமாக வாழத் துணைபுரியும் மரபணு, தெனிசோவர் என்னும் மற்றொரு பழங்கால மனிதர் வழங்கியது.

இனி, நமக்கு நெருக்கமான செய்தி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேர்த்த கற்கள் உள்ளன. அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதிகளின் மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்தார். மூக்கின் அகலத்தில் சாதியின் உயர்வு தாழ்வு தெரிகிறது என்று வாதிட்டவர் ரிஸ்லி. அண்ணல் அம்பேத்கரோ 1948இல் அவ்வளவுக் கணக்குகளையே கையில் எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனத்தார் அல்லர் என்று காட்டினார். சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916இலேயே சொன்னவரும் அவர்தாம். 2013இல் தங்கராஜ், இலால்ஜி சிங் முதலியோர் மரபணுக்களைக் கொண்டு கணித்தது என்ன? இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாகக் கலந்து மணந்தனர்; வேலி பின்னர்தான் விழுந்தது. 2025இல் இந்தியர் 2,700 பேருக்கு மேற்பட்டோரின் மரபணுத் தொகுதிகளை முழுமையாகப் படித்து வெளியிட்ட ஆய்வும், பல மொழியினர், பல சாதியினர், பழங்குடியினர் அனைவரிடமும் நியாண்டர்தாலின் பங்கைக் கண்டது. தூய குருதி என்று மார்தட்டுவோரின் நரம்பிலும் அக்குகைவாசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

ஒன்று சொல்ல மறந்தேன். தாம்பரம் சானடோரியம் 1928இல் காசநோயாளருக்காகத் தோன்றி, பின்னர் எச்.ஐ.வி. தொற்றியோருக்கும் புகலிடமானதை நீங்கள் அறிவீர்கள். மூன்றாம் குரோமோசோமின் அந்தக் கெட்ட துண்டைப் பற்றி 2022இல் ஸீபெர்க் மீண்டும் எழுதினார்: அதை உடையவர்க்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 27 பங்கு குறைவாம்! கொரோனாவுக்குப் பகையானது எச்.ஐ.வி.க்கு அரணாகிறது. ஆனால் இரண்டும் புதிய நோய்கள். அப்படியானால் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் அத்துண்டு நம் தெற்காசியாவில் மட்டும் இவ்வளவு பெருகியது எந்தப் பழைய நோயை எதிர்த்து? காலராவாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து, இன்னும் உறுதியாகவில்லை. உயிரியல் படிக்கும் நம் மாணவர் எவரேனும் அதைக் கண்டறிய இடமிருக்கிறது.

வினா எழுப்ப விரும்புவோர் எழுப்பலாம்.